புத்தளக் கரையின் வழிகள்

1344ஆம் ஆண்டில் இக்கரையில் வந்திறங்கிய மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவுக்குப் பஸ் நிலையத்தில் காத்துநிற்கும் தொல்லை இருக்கவில்லை. ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கொன்றை அளித்து, சிவனொளிபாதமலைக்கு ஆண்டுதோறும் சென்று பழகிய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான் என்று அவரே எழுதியுள்ளார். அவர் குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என்பர் அறிஞர்.

பல்லக்கேறும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. நான் முதன்முறை புத்தளம் சென்றது புகையிரதத்தில். 1909இல் நீர்கொழும்பை எட்டிய இருப்புப்பாதை, 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. ஒற்றைத் தடமாதலால் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்பதிலேயே பொழுது போயிற்று. விரைவு வேண்டுவோர் ஏ-3 வீதியில் பஸ்ஸேறுவதே தகும். ஆனால் சிலாபத்தின் வடக்கே தெதுறு ஓயாவைக் கடந்ததும் தென்னஞ்சோலைகள் மெல்ல மெல்ல அருகி, வறண்ட மணலும் முட்புதரும் உப்பு வாடையும் வந்து சேரும் மாற்றத்தைப் புகையிரதச் சன்னலருகே அமர்ந்தவனே முழுதும் உணர்வான்.

இவ்விரண்டுக்கும் முற்பட்டது நீர்வழி. ஒல்லாந்தர் களப்புகளையும் ஆறுகளையும் கால்வாயால் இணைத்து, கொழும்புப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம்வரை படகு செல்ல வகைசெய்தனர். தட்டையான அடியுடைய படகுகள் புத்தளத்து உப்பைத் தெற்கே கொண்டுசென்றன. பின்னர் வீதியும் இருப்புப்பாதையும் வந்தன. கால்வாயின் பயன் குன்றியது. தூர்ந்து கிடக்கும் அதன் பகுதிகளைக் காணுந்தோறும், கைக்கெட்டிய செல்வமொன்றை வீணே விட்டோமென்று எனக்குத் தோன்றும்.

கற்பிட்டிக்குச் செல்வோன் இந்த இழப்பை உடலாலேயே உணர்வான். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே கிடப்பது களப்பு. தரைவழியாயின் தெற்கே பாலாவிக்கு இறங்கி, மேற்கே திரும்பி, குடாநாட்டின் நீளம் முழுவதும் வடக்கே ஏறவேண்டும். நேர்த்தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. 1834இல் இலங்கை பற்றிய ஊர் அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இக்கற்பிட்டியிலேதான். ஊர்களை வரிசைப்படுத்தி எழுதும் ஆவல் இத்தகைய துறைமுகத்தில் பிறந்தவருக்கு உண்டானதில் வியப்பென்ன!

கற்பிட்டிக்கு அப்பால் பத்தலங்குண்டு முதலிய தீவுகளுக்கு வள்ளமே வண்டி. வலையும் அரிசியும் ஐஸ்கட்டியும் மனிதரும் ஒன்றாகவே செல்வர். காற்றே அங்கு நேரசூசி. 2011இல் மின்னுற்பத்தி தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இக்காற்றுக்குப் பணிந்ததே. கப்பல்கள் கொணரும் நிலக்கரியைத் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இறக்க இயலாது.

வடக்கே மன்னாருக்குச் செல்லும் வழியோ நெஞ்சை உறுத்துவது. எலுவன்குளம், வில்பத்துக் காடு, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என்று செல்வது பழைய குறுக்குவழி. போரில் அடைபட்ட இவ்வீதி 2010இல் திறக்கப்பட்டது. வனவிலங்கின் நலம் கருதியோர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கவலையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மாரியில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும். அப்போது அநுராதபுரம், மதவாச்சி என்று நெடுஞ்சுற்றுச் சுற்றியே மன்னார் செல்லவேண்டும்.

இச்சுற்றின் சுமை யார்மீது விழுகின்றது? 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வாறு வந்த முதியவர் ஒருவரைக் கற்பிட்டி இறங்குதுறையில் ஒருமுறை சந்தித்தேன். ஊருக்குப் போய்வருவதுண்டா என்றேன்.

"போறதுதான் தம்பி. வயல் கிடக்கு, மையத்து வீடு வருது, போகாம ஏலுமா? மழைக்குப் பாலம் மூடினா மதவாச்சியால சுத்திப் போக ஒரு பகல் போயிடும்" என்றார்.

"வரும்போது எவ்வளவு நேரமாயிற்று, நானா?"

அவர் வடக்கே கடலைப் பார்த்தார். "ஒரு ராத்திரிதான்."

என் பஸ் புறப்படும் நேரமாயிற்று. அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.