வைகை நீரும் ஆவியழுத்தமும்

ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி உயரம்வரை நீரைத் தேக்கலாம் என்றாலும், தேங்கிய நீர் முழுவதும் மதகு வழியே மதுரைச் சமவெளியை வந்தடைவதில்லை. ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அந்த இழப்பின் வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது ஆவியழுத்தம்.

நீரின் மூலக்கூறுகள் ஓயாது இயங்குபவை. அவற்றுள் மேற்பரப்பை ஒட்டி விரைந்து செல்பவை, அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு காற்றில் கலக்கின்றன. மூடிய கலத்தில் அவற்றுள் சில திரும்பவும் நீரில் வந்து விழ, வெளியேறுவதும் திரும்புவதும் சமமாகும் நிலையில் ஆவி செலுத்தும் அழுத்தமே நிறைவு ஆவியழுத்தம் எனப்படுகிறது. இது கலத்தின் அளவைப் பொறுத்ததன்று, வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 32 மி.மீ. பாதரசமாக இருக்கும் நீரின் ஆவியழுத்தம், 40 டிகிரியில் 55 மி.மீ. ஆகிறது. 100 டிகிரியில் அது 760 மி.மீ.யை எட்டி, கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடாவதால், நீரின் உள்ளேயும் ஆவிக்குமிழ்கள் நிலைத்து வளர்கின்றன. கொதித்தல் என்பது இதுவே. ஆவியாதலுக்கோ கொதிநிலை தேவையில்லை.

திறந்த அணையில் அந்தச் சமநிலை வருவதே இல்லை. நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள ஆவியின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவோ அதற்கேற்ப நீர் ஆவியாகும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் கண்ட உண்மை. கோடைப் பிற்பகலில் காற்று 40 டிகிரியாகவும், அது கொள்ளக்கூடிய ஈரத்தில் 30 விழுக்காடே கொண்டதாகவும் இருந்தால், அதிலுள்ள ஆவியின் அழுத்தம் சுமார் 17 மி.மீ. மட்டுமே, 30 டிகிரி நீர்ப்பரப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு 15 மி.மீ. வீசும் காற்று ஈரக்காற்றை அகற்றிக்கொண்டே இருப்பதால் இவ்வேறுபாடு குறைவதுமில்லை.

2017 ஏப்ரலில் அன்றைய அமைச்சர் செல்லூர் கே. ராஜூ முன்னிலையில் வைகை அணையில் மிதக்கவிடப்பட்ட தெர்மாகோல் அட்டைகள் சிறிது நேரத்திலேயே கரை ஒதுங்கியதும், நாடே அதைக் கேலி செய்ததும் பலரும் அறிந்தவை. பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. நீரில் அமிழாத அளவுக்கு எடை குறைந்த அட்டை காற்றுக்கு நிற்காது என்பதைத்தான் எண்ணிப்பார்க்கத் தவறினர். நீரின் தரம் காக்கவே முதன்மையாக லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் விடப்பட்ட 9.6 கோடிக் கரும்பந்துகளுக்குள், காற்று அடித்துச் செல்லாதிருக்க, நீர் நிரப்பப்பட்டிருந்தது.

மதுரையைச் சூழ்ந்த கண்மாய்கள் பெரும்பாலும் அகன்றவை, ஆழம் குறைந்தவை. கொள்ளும் நீருக்கு அவற்றின் பரப்பு மிகுதி. வண்டலை அள்ளி ஆழப்படுத்தி, அதே நீரைக் குறைந்த பரப்பில் தேக்குவதே இங்கு ஆவியிழப்பைக் குறைக்க எளிய வழி.