'மேலும்' இல்லாமல் ஒரு பத்தி

பதினான்கு கட்டுரைகளில் ஒன்பது மெழுகுவர்த்திகள் உருகின.

சனிக்கிழமை காலை, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தின் மேல்மாடி அறை. படிவம் ஒன்றிலிருந்து மூன்று வரை படிக்கும் பதினான்கு மாணவர்கள். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். ஒன்பது பேரின் அம்மாக்கள் மெழுகுவர்த்தியாய் உருகிக்கொண்டிருந்தார்கள். மீதி ஐந்து பேரில் மூன்று பேர் ஔவையாரைத் துணைக்கு அழைத்திருந்தார்கள்.

நான் ஆசிரியர் இல்லை. வானொலியில் பேசுவது என் தொழில். தமிழாசிரியையான தோழி ஒருத்தி, "ஒரு நாள் வந்து பிள்ளைகளிடம் பேசிவிட்டுப் போ" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அன்று நான் திருத்த எடுத்த முதல் நோட்டு படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பையனுடையது. அவனும் அவன் அம்மாவும் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

"என் தாயார் அன்பின் மறு உருவம் ஆவார். மேலும், அவர் எங்களுக்காக மெழுகுவர்த்தி போல் உருகுகிறார். அதுமட்டுமல்லாமல், அவர் பல தியாகங்களைச் செய்துள்ளார். ஆகவே, நாம் நம் தாயை மதித்துப் போற்ற வேண்டும்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் இதில் அவன் அம்மா எங்கே? பெயரை மறைத்து நோட்டை அடுத்த பையனிடம் கொடுத்தால், அது அவன் அம்மாவுக்கும் பொருந்தும். என் அம்மாவுக்கும் பொருந்தும்.

அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவன் வயதில் நானும் இதே மெழுகுவர்த்தியை ஏற்றித்தான் மதிப்பெண் வாங்கினேன். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் இருந்த பத்திகளை மனனம் செய்து, தலைப்பு எதுவானாலும் கொண்டுபோய் ஒட்டுவேன். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கப் போனபோது, என் முதல் பயிற்சித் தாளில் விரிவுரையாளர் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் நானாக எழுதியது.

சூத்திரம் எழுதியா இந்தப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று கேட்டால், இல்லை என்பேன். மலாய் வகுப்பில் 'ஈசி, ஹுராயான், சொந்தோ' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு. நல்ல சட்டகம் அது. பத்தியின் முதல் வாக்கியம் விஷயத்தைச் சொல்லும், அடுத்தவை அதை விளக்கும், ஓர் எடுத்துக்காட்டு அதைக் கண்முன் நிறுத்தும். நான் வானொலியில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் பேசும் அரை நிமிடப் பேச்சுக்கும் அதே அமைப்புதான். சட்டகத்துக்குள் வைக்கச் சொந்தச் சரக்கு இல்லாதபோதுதான் 'மேலும்' வருகிறது, பின்னாலேயே 'அதுமட்டுமல்லாமல்' வருகிறது. இந்த இரண்டு சொற்களும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் உறவு இருப்பதுபோல் ஒரு பாவனை காட்டும். உறவு இருக்காது.

அதனால் எங்கள் வகுப்பில் முதல் சட்டம்: ஒரு மாதத்துக்கு யாரும் 'மேலும்' எழுதக்கூடாது. 'ஆனால்', 'அதனால்', 'இருந்தாலும்', 'அதற்குள்' எல்லாம் எழுதலாம். இவற்றைப் பொய்யாகப் பயன்படுத்த முடியாது. 'ஆனால்' என்று எழுதினால் முன் வாக்கியத்தோடு முரண்படும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'அதனால்' என்றால் காரணம் முன்னால் இருக்க வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, வானொலியிலிருந்து எடுத்த விளையாட்டு. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் ஒரு வாக்கியம் படிப்பார். மற்றவர் கேட்பவர். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மனத்தில் எழும் கேள்வியைக் கேட்க வேண்டும். 'எப்படி?', 'ஏன்?', 'அப்புறம்?' எதுவானாலும் சரி. எழுதியவரின் அடுத்த வாக்கியம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். கேள்வியே எழவில்லை என்றால் அந்த வாக்கியம் செத்த வாக்கியம், அடித்துவிடலாம். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போது கேட்பவர் முகம் தெரியாது. கிரீன் லேன் நெரிசலில் காரில் இருக்கும் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் என்ன கேட்பார் என்று நினைத்துத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவேன். பத்தி எழுதுவதும் அதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். இது ஒரு வசதி, ஒரு வம்பும் கூட. "எழுந்து, பல் துலக்கி, குளித்து, உடுத்தி, பசியாறி, பேருந்து ஏறி" என்று வினையெச்சங்களாகக் கோத்துக்கொண்டே போனால் ஒரு பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாகிவிடும். பாதியில் கேட்பவருக்கு மூச்சு முட்டும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எங்கே வெட்ட வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். படிவம் ஒன்று பெண் ஒருத்தி தன் வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கிவிட்டு, தானே சிரித்துக்கொண்டு மூன்றாகப் பிரித்தாள்.

அவள்தான் ஒரு நாள் கேட்டாள்: "பத்தி பிரிக்கணும்னு யாரு அக்கா கண்டுபிடிச்சா?"

நல்ல கேள்வி. பனையோலைச் சுவடியில் பத்தி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கூட விடாமல் ஓலையின் ஓரம்வரை எழுதுவார்கள். ஓலை கிழியும் என்று பல சமயம் புள்ளியையே வைக்கமாட்டார்கள். அச்சுப் புத்தகம் பரவிய பிறகுதான் உரைநடை இன்றைய வடிவத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பரவலாகக் கையாண்டவர். பிள்ளைகளுக்கென்றே பாலபாடங்கள் எழுதியவரும் அவர்தான்.

ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற யோசனை அச்சுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். அவற்றில் நான்கை வகுப்பில் வெண்பலகையில் எழுதிப் போட்டேன். கூறியது கூறல். மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது. வெற்றெனத் தொடுத்தல், பொருளில்லாத சொற்களைத் தொடுப்பது. சென்று தேய்ந்து இறுதல், ஜோராகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. கடைசிக் குற்றத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பேட்டரி லோ'. இப்போது ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் "பேட்டரி லோ!" என்று கத்துகிறார்கள். பவணந்தியார் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

இதற்கெல்லாம் பள்ளியில் நேரம் உண்டா என்று பெற்றோர்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழிலேயே படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்க்கு மாறுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் வகுப்பு நடத்த வழியுண்டு. ஆனால் அந்த வகுப்பு சில இடங்களில் பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. பிள்ளைக்குப் பசி, ஆசிரியருக்கு அலுப்பு. யுபிஎஸ்ஆர் 2021இல் ரத்தானது, பிடி3 அடுத்த ஆண்டே போனது. எஸ்பிஎம் வரை தமிழில் எழுதிப் பழகச் சொல்லும் பெரிய பரீட்சை எதுவும் இல்லை. பரீட்சைக்காக மனனம் செய்ய வேண்டாம் என்பது விடுதலைதான். ஆனால் பரீட்சை இல்லையென்றால் எதற்காகத் தமிழில் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு நாம் பிள்ளைகளுக்குப் பதில் வைத்திருக்கிறோமா? இதற்கிடையில் செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. தலைப்பைக் கொடுத்தால் நொடியில் பத்தி தருகிறது. பழைய மாதிரிக் கட்டுரைப் புத்தகத்துக்கு மின்சாரம் கொடுத்ததுபோல் அதிலும் அதே மெழுகுவர்த்தி.

பள்ளிக்கு வெளியே எழுதக் கற்றுக்கொடுத்த வரலாறு நமக்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகைப் பக்கமே வகுப்பறை. தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே பாடம் படித்து எழுதிப் பழகினார்கள். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்துக்கு இடம் கொடுத்து, பிள்ளைகளின் எழுத்தை அச்சேற்றியது. இந்நாட்டின் எழுத்தாளர்களில் பலர் அந்தப் பக்கங்களில் முளைத்தவர்கள். தன் எழுத்தை யாரோ ஒருவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால் பிள்ளை வேறு மாதிரி எழுதும். ஆசிரியர் திருத்துவார் என்பதற்கும் ஒருவர் படிப்பார் என்பதற்கும் நிறைய வித்தியாசம்.

அந்தப் படிவம் இரண்டு பையனிடம் திரும்புகிறேன். மெழுகுவர்த்திப் பத்தியை வைத்துக்கொண்டு கேள்வி விளையாட்டு ஆடினான். எதிரில் இருந்த பெண் கேட்டாள்: "என்ன தியாகம்?" அவனுக்குப் பதில் தெரியவில்லை. சும்மா இருந்தான். இடைவேளையில் என்னிடம் வந்து வேறு எதையோ பேசத் தொடங்கினான்.

"அக்கா, உங்க நிகழ்ச்சிய நான் சத்தத்தை ஒண்ணுல வச்சுத்தான் கேப்பேன்."

"ஏன் தம்பி, அவ்வளவு மோசமா பேசறேனா?"

"இல்லக்கா. அம்மா தூங்குவாங்க."

அவன் அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. இவனுக்கு மதியப் பள்ளி. "இதை எழுது" என்றேன். "இதெல்லாமா கட்டுரையில எழுதுவாங்க?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். பத்திக்கு முதலில் ஒரு பெயர் வைக்கச் சொன்னேன். அந்தப் பெயருக்கு அடங்காத வாக்கியம் உள்ளே வரக்கூடாது. 'அம்மா தூங்கும் வீடு' என்று வைத்தான்.

"காலை ஏழரை மணிக்கு அம்மா வேலை முடிந்து வருவார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் போடக்கூடாது. அதனால் நான் தொலைக்காட்சியில் படம் மட்டும் பார்ப்பேன். மைலோ கலக்கும்போது கரண்டி குவளையில் படாமல் கலக்குவேன். எங்கள் கிரில் கதவு கத்தும், ஆனால் கொஞ்சம் தூக்கித் திறந்தால் கத்தாது. நான் பள்ளிக்குப் போகும்போது அம்மா தூங்குவார், நான் திரும்பி வரும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார்."

வகுப்பில் படித்தான். யாரும் "பேட்டரி லோ" சொல்லவில்லை. தியாகம் என்ன என்று கேட்ட பெண்ணும் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவிடம் காட்டு என்று நான் சொல்லவில்லை. அவனே பள்ளிக்குப் புறப்படும் முன் நோட்டைத் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் அம்மாவும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அடுத்த சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். 'ஏழரை' என்பதை அடித்துவிட்டு, மேலே நீல மையில் '7.50, பஸ் லேட்' என்று திருத்தியிருந்தார். பத்தியின் அடியில் இரண்டே வாக்கியம்.

"கிரில் சத்தம் எனக்குக் கேட்கும். நீ கதவைப் பூட்டிய பிறகுதான் நான் தூங்குவேன்."

பையன் முகத்தில் சரியான கோபம். "பாருங்கக்கா, ஒரு வருஷமா தூக்கித் தூக்கித் திறக்கறேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல!"