கடன் பட்டியலால் பிழைத்த வீடு

ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் வீடு இருக்கிறதே, அதை அவர் 1639ல் வாங்கினார். விலை 13,000 கில்டர். முழுசா அடைக்கவே முடியல. 1656ல் திவால். கடன்காரர்களுக்காக வீட்டுச் சாமான்களை அறை அறையாகப் பட்டியல் போட்டார்கள். வீடு கைமாறிப் போனது, பட்டியல் தங்கிவிட்டது. இன்று மியூசியமாக இருக்கும் அந்த வீட்டில் எந்த அறை எப்படி இருந்தது என்று தெரிவது அதனால்தான். (மாசாமாசம் ஹவுசிங் லோன் கட்டுகிற எனக்கு இது உறைத்தது.)

நம்ம பக்கக் கதை வேற. 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் மெட்ராஸ் ஓவியர்களும் பாத்திக் மாதிரி கைவினைப் பொருட்கள் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியம் விற்காத மாதமும் அடுப்பெரியணுமே! மல்லசமுத்திரத்திலிருந்து சென்னை போனால் ஈ.சி.ஆரில் இறங்கிப் பாருங்கள்.