தோட்டத்து ரோட்டில் பாம்பு பார்ப்பது

பாம்பைத் தேடிக் காட்டுக்குள் அலைய வேண்டாம், ரோட்டில் போனாலே போதும் என்று கணக்கெழுதிக் காட்டிய முன்னோடி ஒரு மின்சார எஞ்சினியர். அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து மின்சாரக் கம்பெனியில் இருந்த லாரன்ஸ் கிளாபர் இரவில் பாலைவன ரோடுகளில் மெதுவாகக் காரோட்டிப் போவார். விளக்கொளியில் பட்ட பாம்புகளையெல்லாம் எண்ணி, 1939இல் புள்ளிவிவரத்தோடு வெளியிட்டார். பகலெல்லாம் காய்ந்த தாரில் இருட்டிய பிறகும் சூடு இருக்கும். மணல் குளிர்ந்ததும் அந்தச் சூட்டில் பாம்பு வந்து கிடக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே, சுண்ணாம்புக்கல் பாலையில் வழக்கம் வேறு. ரோடு போடக் குன்றை வெட்டிய இடங்களில் நிற்கும் பாறைச் சுவரில் இரவில் டோர்ச் அடித்துக்கொண்டே நடப்பார்கள். பாறை வெடிப்புகளில் குடியிருக்கும் பாம்புகள் அந்நேரம்தான் வெளியே வரும். ரோட்டோரம் பாம்பு பிடிப்பதை 2007இல் தடை செய்த அந்த மாநிலம், 2011இல் அனுமதிச் சீட்டும் ஒளிரும் மேலங்கியும் வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதித்தது.

இலங்கையின் மலையகத்தில் தார்ச் சூட்டை நம்பினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழுகிறது. ஆனால் டெக்சாஸ்காரர்களின் வழி இங்கே நன்றாகவே பலிக்கும். அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியும் சரி, அதிலிருந்து பிரியும் தோட்டத்து ரோடுகளும் சரி, மலையின் விலாவை வெட்டிப் போட்டவை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஆளுயர மண்திட்டு, திட்டின் அடியில் வடிகால் கான். பாலையில் பாறைச் சுவரைப் பார்ப்பவர்கள் இங்கே பார்க்க வேண்டியது அந்தத் திட்டையும் கானையும்தான்.

நேரம், பெருமழை பெய்து விட்ட காலை. மண் ஊறியதும் புழுக்கள் ரோட்டுக்கு வந்துவிடும். அவற்றைத் தின்று வாழும் மண்பாம்புகளும் மேலே வரும். திட்டு சரிந்தால் மண்ணோடு சேர்ந்து விழும். சிமெண்டு பூசிய கானில் விழுந்த சிறு பாம்புக்கு ஏறி வர வழி கிடையாது. காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் கண்ணில்தான் அது முதலில் படும்.

அப்படிப் படுவதில் ஒன்று அஸ்பிடூரா. இந்தப் பேரினமே இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நுவரெலியாவிலும் ஹோர்டன் சமவெளியிலும் இருப்பது அஸ்பிடூரா டிராக்கிபிராக்டா. ஏறக்குறைய ஓரடி நீளம், கபிலமோ கறுப்போ நிறம், முதுகில் வரிசையாகக் கரும்புள்ளிகள். வெயில் பட்டால் செதிலில் வானவில் மின்னும். உக்கிய மரத்துண்டுக்கும் குப்பை உரத்துக்கும் அடியில் கிடக்கும். விஷம் இல்லை. இதே பேரினத்தில் சிவனொளிபாத மலைப் பகுதியிலிருந்து 2017இல் அறிவிக்கப்பட்ட புதிய இனத்துக்கு இராவணன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேடயவால் பாம்பு. ரைனோஃபிஸ் என்பது அதன் பேரினம். இரட்டைத்தலைப் பாம்பு என்று பயந்து அடித்துப் போடும் பாம்புகளில் இதுவும் ஒன்று. தலை ஊசியாக இருக்கும். வால் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிய கிளை போலச் சட்டென்று முடியும். அந்த முனையில் சொரசொரப்பான ஒரு தகடு. மண் அதில் ஒட்டி அப்பிக்கொள்ளும்; பாம்பு முன்னே துளைத்துப் போகும்போது பின்னால் சுரங்கத்துக்கு அதுவே அடைப்பு. துளைக்கும் பலமெல்லாம் உடலின் முன்பாதித் தசையில் இருக்கிறது. கையில் எடுத்தாலும் கடிக்காது. விரலைச் சுற்றிக்கொண்டு இடுக்கு தேடித் தலையை நுழைக்கும். முட்டையிடாமல் குட்டி போடும் இனம்.

தோட்டத் துரையாக இருந்த டிரமண்ட்-ஹே என்பவரின் பெயர் ஓர் அஸ்பிடூராவுக்கும் ஒரு ரைனோஃபிஸுக்கும் உண்டு. அந்த மண்ணை அன்றாடம் முள்ளுக் குத்தியவர்கள் பெயரில் ஒரு பாம்பும் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாமே சாது என்று நினைத்துக் கை வைத்துவிடக் கூடாது. சருகோடு சருகாக ரோட்டோரத்தில் சுருண்டு கிடக்கும் கூர்மூக்கு விரியனும், நடுத்தர உயரத் தோட்டங்களில் செடிக் கிளையிலேயே இருக்கும் பச்சை விரியனும் விஷமுள்ளவை. முதலாவது பெரும்பாலும் காலைக் கடிக்கும். இரண்டாவது கொழுந்தெடுக்கும் கையை. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிக்கப்படுவது. இந்த இரண்டுக்கும் அது வேலை செய்யாது. கூர்மூக்கு விரியன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கிறது. வீக்கம்தானே என்று லயத்தில் பச்சிலை கட்டிக் காத்திருக்காமல் ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருத்துவர்கள் இரத்தம் உறைவதையும் சிறுநீரையும் கவனித்துச் சிகிச்சை கொடுப்பார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதற்கடியில் ஈரம் போனால் குடியிருப்பும் போய்விடும். படம் எடுத்தால் போதும், பிடித்து வைப்பது சட்டப்படி குற்றமாகலாம். கானில் புழு மாதிரி நெளியும் சிறுபாம்பைக் கண்டால், விஷப்பாம்பு இல்லையென்று தள்ளி நின்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஓங்கிய மம்பட்டியாலேயே மண்ணோடு அள்ளித் தேயிலைத் தூரில் விட்டுவிடுங்கள்.