'எல்' என்ற ஓர் எழுத்து

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் லேப்டாப் மந்தமானால் சென்னையில் நாங்கள் போன இடம் ரிச்சி தெரு. "பழைய ரேமைக் கையோட எடுத்துட்டு வாங்க" என்பார் கடைக்காரர். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, இரு பக்கக் கிளிப்புகளை விலக்கினால் ரேம் சரிவாக நிமிர்ந்து கைக்கு வரும். அதன் லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டிடிஆர்2 ரேமில் 200 பின்கள், டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260. விளிம்பிலுள்ள வெட்டும் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறியிருக்கும். பொருந்தாதது ஸ்லாட்டில் உட்காராது. உட்கார்ந்தும் ஓடாததுதான் சிக்கல். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35. பின்களும் வெட்டும் ஒன்றே. லேபிளில் 'பிசி3'க்கு அடுத்து 'எல்' உண்டா என்பதே அடையாளம். 'எல்' ரேம் பெரும்பாலும் பழைய ஸ்லாட்டிலும் ஓடும். 2013க்குப் பின் வந்த பல லேப்டாப்கள் 'எல்' இல்லாததை ஏற்பதில்லை. நண்பர் ஒருவருக்கு அப்படி ஒன்றை மாட்டிவிட்டு, கறுத்த திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

2011இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220க்கு நிறுவனம் சொன்ன உச்ச அளவு 8 ஜிபி. இரண்டு 8 ஜிபி ரேம்களைப் போட்டால் 16ஐயும் அது ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே வந்த எக்ஸ்1 கார்பனில் ரேம், மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தது.

இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். அதில் நன்மை இல்லாமல் இல்லை. சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையே தூரம் குறைவதால் மின்சாரம் மிச்சமாகிறது, வேகம் கூடுகிறது. எக்ஸ்220இல் ஒரு தடத்தில் வினாடிக்கு 133 கோடி முறை தகவல் மாறியது; எல்பிடிடிஆர்5எக்ஸில் 853 கோடிக்கு மேலும் மாறுகிறது. எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேமையே திருகால் பொருத்திக் கழற்றும் வகை 2024இல் ஒரு திங்க்பேடில் வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் அது விலை கூடிய இனம்.

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, "8 ஜிபி போதுமா மாமா?" என்று கேட்டாள். அன்றென்றால், "இப்போதைக்கு 4 போதும், தீபாவளி போனஸ் வந்ததும் இன்னொரு 4 போட்டுக்கலாம்" என்றிருப்பேன். நாலு வருடப் படிப்பையும் மனதில் கணக்குப் போட்டுவிட்டு, "16ஆவே வாங்கிடும்மா" என்றேன். அக்கா விலையைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.