குடியை விட்டுட்டு வா

கண்டியைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் குடியில் விழுந்துவிட்டால் அன்றைக்கு வழிகள் கொஞ்சம்தான். கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவார்கள். பெரியவர்களை வைத்துக் கண்டிப்பார்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் அங்கொடை மனநல மருத்துவமனைக்கு ஏற்றிவிடுவார்கள். ஏன் குடிக்கிறான் என்றால் உடம்பு வலி, கூடாத சேர்க்கை, சம்பளநாள் என்று பதிலும் தயாராக இருந்தது.

அந்தப் பதிலில் சேராதவை உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்காரன், தம்பி வேறு நாட்டுக்காரன். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. பிறகு தமிழர்கள் தாக்கப்பட்ட 1977, 1983 கலவரங்கள். அந்த இரவுகளில் ஓடி ஒளிந்த பிள்ளைகளுக்கு இன்று வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இவற்றோடு, எந்தக் கணக்கிலும் வராமல் வீட்டுக்குள்ளேயே விழுந்த அடிகள். பட்டவர்கள் எல்லாரும் குடிக்கவில்லை. குடித்தவர்களிடம் இதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை வந்தது. காலப்போக்கில் கண்டியிலும் அதன் சிகிச்சை நிலையம் அமைந்தது. ஆனால் உலகில் பல இடங்களிலும் அன்று ஒரு விதி இருந்தது: முதலில் குடியை விடு, மனக்காயத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். காயத்தைக் கிளறினால் ஆள் மறுபடி போத்தலுக்கே போவான் என்ற பயம். முட்டாள்தனமான பயம் அல்ல. ஆனால் பழைய இரவு கனவில் வராமலிருக்கக் குடிப்பவரிடம், குடியை விட்டபின் வா என்றால் அவர் வரவே போவதில்லை.

அந்த விதி மெல்லத் தளர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் 2002இல் வெளியிட்ட சிகிச்சை முறையில், நடந்ததை விவரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய நாளைப் பத்திரமாகக் கடத்துவதே பாடம். 2012இல் ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்த ஆய்வில் போதைக்கும் மனக்காயத்துக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்தார்கள். மனக்காயத்தின் தொல்லை குறைந்தது, போதைப் பழக்கம் அதனால் கூடவில்லை. அங்கேயும் பலர் எல்லா அமர்வுக்கும் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வரவழைப்பதுதான் எங்கும் பாதி வேலை.

கண்டியில் அது இன்னும் கஷ்டம். கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பஸ் பிடித்துக் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். வந்து சேர்ந்தாலும், காயத்தைத் தமிழில் கேட்க ஆள் இருக்கவேண்டும். மொழிபெயர்க்க அடுத்த கட்டில்காரரைக் கூப்பிட்டால் யார் வாய் திறப்பார்? குடு (ஹெரோயின்), ஐஸ் பாவிக்கும் இளைஞர்களுக்கு வேறு பயம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய பொலிஸின் ‘யுக்திய’ போதை ஒழிப்புச் சுற்றிவளைப்புகளைப் பார்த்தவனுக்குச் சிகிச்சையும் சிறையும் ஒரே கதவுதான். பிடித்துக்கொண்டு போய் ஒருவரை உட்காரவைக்கலாம், மனம்விட்டுப் பேசவைக்க முடியாது.

வந்தவர் மறுபடி வருவது சின்ன விஷயங்களில் இருக்கிறது. முதல் நாளே கதையைக் கேட்காமல், “தூக்கம் எப்படி அண்ணே?” என்று தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் அதே ஆள் இருக்கவேண்டும். தவறவிட்டால் பெயரை வெட்டாமல் ஒரு போன் போடலாம். குடித்துவிட்டு வந்தாலும், வந்தாரே என்று அடுத்த தேதியைக் கையில் கொடுக்கலாம். அக்காவோ மனைவியோ கூட வந்தால் உட்கார ஒரு கதிரை போடலாம். அந்தச் சபையின் உதவித் தொலைபேசி எண்ணான 1927க்கு அழைத்துப் பேசியவரையும் இதே பொறுமையோடுதான் அடுத்த படிக்குக் கொண்டுவர முடியும்.

செலவு பெரிதாகத் தேவைப்படாத இன்னொன்றும் உண்டு: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வந்து உட்காருவது. வார நாளில்தான் முடியும் என்றால், அன்றைக்குக் கிளினிக் போனவருக்கு அரைப் பேராவது போடச் சொல்லித் தொழிற்சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்கலாம்.