மலையில்லாத ஊரின் மாரத்தான் மேடுகள்

சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவரிடம் சொந்தக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தட்டையான ஊரு, மார்கழி மாசம், குளிர் வேற. உனக்கென்ன கவலை?" வரைபடத்தில் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். நேப்பியர் பாலத்தில் கிளம்பி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு காமராஜர் சாலையில் தெற்கே போகவேண்டியதுதான். வழியில் குன்று ஏதும் இல்லை. ஆனால் ஓடி முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "காத்தே இல்லைங்க", "பாலத்துல காலு வரமாட்டேன்னுடுச்சு", "முப்பதுக்கு மேல நடந்துதான் வந்தேன்" என்பார்கள். மலைப்பாதையில் ஓடிவந்தவர்கள் பேசுகிற பேச்சு அது.

இந்த ஊரிலும் மேடு இருக்கிறது. பாதி காற்றின் ஈரத்தில் இருக்கிறது, மீதி ஆற்றுப் பாலங்களில். இரண்டையும் மேடு என்றே ஒத்துக்கொண்டு, மூச்சைக் கேட்டு ஓடுகிறவர் நல்லபடியாக முடிக்கிறார். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விடமாட்டேன் என்று ஓடுகிறவர் கடைசிப் பத்து கிலோமீட்டரில் மாட்டிக்கொள்கிறார். முதல்முறை ஓடப் போகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சென்னை ரன்னர்ஸ் என்ற குழு 2006-ல் உருவானது. 2012-ல் இருந்து ஊரின் பெரிய மாரத்தானை நடத்திவருவது அவர்கள்தான். ஸ்பான்சர் மாற மாற ஓட்டத்தின் முன்பெயரும் மாறிவந்திருக்கிறது. ஆரம்பத்தில் டிசம்பரில் நடந்தது, பிறகு ஜனவரியின் முதல் வாரங்களுக்கு நகர்ந்தது. ஓடுகிறவர்களுக்கு அது நல்லதாயிற்று. 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் எல்லாமே டிசம்பரில் வந்தவை. 42.195 கி.மீ. கொண்ட ஃபுல், 21.1 கி.மீ. ஹாஃப், 10 கி.மீ. ஆகியவற்றோடு 20 மைல் ஓட்டம் ஒன்றும் இங்கே உண்டு, அதாவது ஏறத்தாழ 32 கி.மீ. ஹாஃபிலிருந்து ஃபுல்லுக்குத் தாவ நினைப்பவருக்கு நடுவில் இப்படி ஒரு படி இருப்பது நல்ல ஏற்பாடு. முதல் ஃபுல்லுக்கு முந்தைய ஆண்டு இதை ஓடிவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஃபுல் ஓடுகிறவர்கள் அதிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறார்கள். அதற்காகச் சில ஆண்டுகளில் மெட்ரோ ரயிலையே 3 மணிக்கு ஓட விட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். இரண்டரை மணி நேரம் இருட்டில் ஓடிவிடலாம். வெயிலிலிருந்து தப்பித்தாயிற்று என்று மனசு நினைக்கும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் உடம்பில் சேர்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் எந்தப் பயனும் இல்லை. மார்கழி விடியலில் சென்னையின் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்றிலோ ஈரப்பதம் நிறைந்திருக்கும். அடைமழைக் காலத்தில் கொடியில் போட்ட துணி போல வியர்வை காயாமல் அப்படியே நிற்கும். சாந்தோம் தாண்டுவதற்குள் பனியன் பிழிகிற பதத்துக்கு வந்துவிடும், காலுறை வரை நனைந்துவிடும். ஆனால் உடம்பு குளிர்ந்திருக்காது.

உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். சூட்டை வெளியேற்றுவதற்காக இதயம் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்புகிறது. தசைகளுக்குப் போகவேண்டிய பங்கு குறைகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தின் அளவும் கொஞ்சம் இறங்குகிறது. அதே வேகத்தில் ஓட இதயம் நிமிடத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து முறை கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. தரை சமமாகத்தான் இருக்கிறது, உடம்பு மட்டும் ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். வெயில் இல்லை, பாதையும் தட்டை. ஆனாலும் காற்றின் சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கியதில், கிளம்பிய 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். அத்தனை பேரும் தத்தம் நாட்டின் தேர்ந்த வீராங்கனைகள். நம் ஜனவரி விடியல் அவ்வளவு கொடுமை இல்லைதான். ஆனால் மாரத்தானுக்குத் தோதான வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது என்கிறார்கள். நம்முடையது அதைப்போல இரண்டு மடங்கு.

ஆகவே பெங்களூரிலோ ஊட்டியிலோ ஓடிய நேரத்தை வைத்துச் சென்னைக்குக் கணக்குப் போடாதீர்கள். முதல் பத்து கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி. குறித்த நேரத்துக்கு ஓடிக்காட்டும் பேசரைப் பிடித்து ஓடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பலூன் கட்டிய பேசருக்கு அவர் நேரம் முக்கியம், உங்கள் மூச்சு அவருக்குத் தெரியாது.

இனி பாலங்களுக்கு வருவோம். நேப்பியர் பாலத்தை மேடு என்றே யாரும் நினைப்பதில்லை. 1869-ல் முதலில் கட்டப்பட்ட, 2022 செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் சதுரங்கக் கட்டம் பூசிய அந்தப் பாலம் கூட்டமும் பறையுமாகக் கிளம்புகிற உற்சாகத்திலேயே கடந்துபோய்விடும். நிஜமான முதல் பாடம் அடையாறு ஆற்றின் மேல் வரும் திரு.வி.க. பாலம். கிரீன்வேஸ் சாலைப் பக்கமிருந்து ஏறும்போது சாய்வு கண்ணுக்கே தெரியாது. காலுக்குத்தான் தெரியும். எட்டின் நீளம் தானாகக் குறுகும், குதிகாலுக்கு மேலே ஆடுதசை இழுக்கும். இடப்பக்கம் முகத்துவாரத்திலிருந்து சேற்று வாடையோடு கடல்காற்று வரும். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் கால் படும்போது ஷூவின் சத்தம் மாறும். அந்த நேரத்தில் முன்னால் பார்த்தால் தெருவிளக்கு வரிசை மெல்ல மேலேறி இறங்குவது தெரியும். அதுதான் சாய்வு. அங்கே ஓடுகிறவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு சிலர் "சின்னப் பாலம்தானே" என்று அழுத்தி ஏறி நாலு பேரை முந்துவார்கள். மற்றவர்கள் எட்டைச் சின்னதாக்கி, கையைக் கொஞ்சம் வேகமாக வீசி, வேகம் இறங்குவதை அப்படியே ஏற்றுக்கொண்டு போவார்கள். 35-வது கிலோமீட்டரில் இந்த இரண்டாவது கூட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிற சாய்வில் வேகத்தைக் குறைக்காமல் ஓடினால், சமதரையைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். அதே சாய்வில் இறங்கும்போது மிச்சமாவது நாலில் ஒரு பங்குதான். ஏற்றத்தில் போனது இறக்கத்தில் முழுசாகத் திரும்புவதில்லை. அதைவிட முக்கியம், ஏற்றத்தில் அழுத்தும்போது கொழுப்பை விட்டுவிட்டுத் தசையில் சேமித்த சர்க்கரையை உடம்பு வேகமாக எரிக்கிறது. அந்தச் சேமிப்பு பெரும்பாலானோருக்கு 30 கி.மீ. வாக்கில் தீர்கிற நிலைக்கு வந்துவிடும். ஓடுகிறவர்கள் 'வால்' என்று பயப்படுகிற சுவர் அதுதான். திரு.வி.க. பாலத்தில் காட்டிய வீரத்துக்கு வட்டி கட்டுவது அங்கே, பழைய மகாபலிபுரம் சாலையும் தாண்டி வெயில் ஏறிய பிறகு. அந்த நிலையில் ஒரு சாதாரண வேகத்தடைகூடக் குன்றாகத் தெரியும்.

இறக்கத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. தசை நார்கள் அதிகம் சிதைவது அப்போதுதான். மறுநாள், அதற்கும் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட வைப்பது அந்த வலிதான். மூன்று நான்கு நாளில் தானே போய்விடும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்கள் எங்கே பழகுவது? பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி, திரு.வி.க. பாலம், சாந்தோம், மெரினா வழியாக நேப்பியர் பாலம் தொட்டுத் திரும்பினால் 20 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். ஞாயிறு லாங் ரன்னுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. திரும்பும்போது பாலம் களைத்த காலுக்கு வருகிறது, பழக வேண்டியது அந்தக் காலோடுதான். தி.நகர்க்காரர்களுக்கு ஜி.என்.செட்டி சாலை மேம்பாலத்தையும் உஸ்மான் சாலை மேம்பாலத்தையும் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். விடியற்காலையில் இருசக்கர வண்டிகள் அங்கே பறக்கிற வேகத்துக்கு ஓடுகிறவர் ஒதுங்க இடமே கிடையாது. பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் வேகத்தைப் பழகுங்கள், ஏற்றத்துக்கு நடைபாதையுள்ள ஆற்றுப் பாலத்துக்கு வாருங்கள். ஒரு பாலத்தையே பத்துமுறை ஏறி இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழியில் ஓடுவது தனிச் சுகம். ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் தெரு நடுவே கோலமாவு விழுந்திருக்கும், தண்ணீர் தெளித்த தரை வழுக்கும், போட்டு முடித்த கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடுவது மரியாதையும் இல்லை. அந்த இரண்டு மூன்று தெருக்களை நடந்தே கடந்துவிடுங்கள். நிஜக் குன்றுதான் வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது பரங்கிமலை, சுமார் 300 அடி. மேலே வரை சாலை இருக்கிறது, செங்குத்தாக ஏறும். வழிபாட்டு இடம் என்பதால் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது. போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஏலகிரிக்குப் போய் அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிவரும் குழுக்களும் உண்டு. ஏறுவதற்காகப் போனாலும் தொடை பலம் பெறுவது இறங்கும்போதுதான்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குளிர்காலம் என்று குடிக்காமல் விடுகிறவர்கள் பிற்பகுதியில் கெண்டைக்கால் இழுத்து உட்காருகிறார்கள். பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை வெறும் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட ஆரம்பித்தபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், நடுநடுவே உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். எலக்ட்ரால் பெரிய பாக்கெட் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் வயிறு கெடும். முடித்தவர் ஒருவர் பேச்சுக் குழறி, தள்ளாடி நின்றால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவதற்கு முன் மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜனவரியில் சென்னை முடிந்த கையோடு மும்பைக்கு ரயில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் அதே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு நடக்கிறது. நாட்டின் குளிர்கால மாரத்தான்களில் மேட்டுக்குப் பேர்போனது அது. பெடர் ரோடு ஏற்றம் பல ஆண்டுகளாகப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது 35 கி.மீ. வாக்கில் மறுபடி ஒருமுறை வந்திருக்கிறது. தெரு முழுக்க மக்கள் திரண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்த ஆரவாரத்தில் வேகம் கூட்டியவர்கள் உச்சியில் நடக்க ஆரம்பிப்பார்கள். நம்மூர்ப் பாலத்தில் சின்ன எட்டு வைக்கப் பழகியவர்களுக்கு அது கை கொடுக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்குள் இரண்டு ஃபுல் ஓடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சிதைந்த தசை ஆற மூன்று நான்கு வாரமாவது வேண்டும். ஒன்றை ஃபுல்லாகவும் மற்றதை ஹாஃபாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சென்னையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் முதல் வாரம் நடையும் நீச்சலும் போதும் என்று இருக்கலாம். அடுத்து வருவது போகி. அன்று விடியலில் டயரும் பழைய துணியும் எரிகிற புகை தெருமட்டத்திலேயே நிற்கும். பொங்கல் லீவு கிடைத்ததே என்று அன்றைக்கு ஓடக் கிளம்பாதீர்கள். காணும் பொங்கல் கழிந்து, மெரினாவில் கூட்டம் வடிந்த பிறகு மெதுவாக ஆரம்பித்துக்கொள்ளலாம்.